ரெவிட் வகுப்புக்கு முன் ஓர் அளவுநாடா

பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு விடயம்.

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நமது பிள்ளைகள் சிலர் ரெவிட் வகுப்பு எங்கே நல்லது என்று விசாரிக்கிறார்கள். முன்பு ஓட்டோகேட் என்றார்கள். இப்போது "பிம் தெரிந்தால்தான் கட்டாரில் வேலை" என்கிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களிடம் பெற்றோர் கேட்பது ஒன்றைத்தான்: "காசு கட்டலாமா?" கட்டலாம். எதற்குக் கட்டுகிறோம் என்று விளங்கிக்கொண்டு கட்டுவோம்.

ஓட்டோகேட்டில் சுவரை வழக்கமாக இரண்டு கோடாக வரைவார்கள். தளப்படத்தில் ஒரு யன்னலை நகர்த்தினால் முகப்புப் படம், வெட்டுமுகப் படம், யன்னல் பட்டியல் எல்லாவற்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் மேசன் பாஸ் பழைய படத்தைப் பார்த்துக் கட்டிவிடுவார். பிம் முறையில் முழுக் கட்டடத்தையும் கணினிக்குள் மாதிரியாகக் கட்டுகிறோம். சுவரின் தடிப்பு எவ்வளவு, செங்கல்லா புளொக்கா என்ற விபரமெல்லாம் அந்தச் சுவரோடு சேர்ந்தே இருக்கும். யன்னலை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறும். கழிவுநீர்க் குழாய் பீமில் முட்டுகிறதா என்பதைக் கட்ட முதலே பார்த்துக்கொள்ளலாம். கட்டி முடித்த பிறகு குழாய்க்காகக் கொங்கிரீட்டைக் கொத்தினால் என்ன செலவு, என்ன ஆபத்து என்று தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

உலகமும் இந்தப் பக்கம்தான் போகிறது. துபாய் மாநகர சபை 2014 இல் பெரிய கட்டடங்களுக்கு பிம் கட்டாயம் என்றது. சிங்கப்பூர் 2015 இல் 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குக் கேட்டது. பிரித்தானிய மத்திய அரசு 2016 ஏப்ரல் முதல் தனது நிர்மாண வேலைகளுக்குக் கேட்கிறது. ஆகவே வேலை இருக்கிறது. அந்த வேலை எப்படிப்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் என்பதுதான் பேச வேண்டியது.

மூன்று மாத வகுப்பில் எந்தப் பொத்தானை அழுத்தினால் சுவர் வரும் என்று கற்றுக்கொள்ளலாம். அந்தச் சுவர் ஏன் ஓரிடத்தில் ஒன்பது அங்குலம், இன்னோரிடத்தில் நாலரை அங்குலம் என்று பொத்தான் சொல்லித்தராது. படிக்கட்டின் ஒரு படி எவ்வளவு உயரம் இருந்தால் உம்மாவுக்கு முழங்கால் நோகாது என்றும் சொல்லித்தராது. யாரோ முன்கூட்டி வைத்த அளவை மென்பொருள் அப்படியே எடுத்துக்கொள்ளும். பழைய முறையில் பிழை ஒரு தாளில் இருந்தது. இதில் ஒரு பிழை எல்லாத் தாளிலும் அழகாக அச்சாகி வரும்.

கட்டடம் விளங்காத பிள்ளை அலுவலகத்தில் மற்றவர் கீறியதைப் பார்த்துக் கீறுபவராகவே நின்றுவிடுவார். விளங்கிய பிள்ளை நாளை மென்பொருள் மாறினாலும் பயப்படாது. ரெவிட்டே 1997 இல் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கிய வேலை. 2002 இல்தான் ஓட்டோடெஸ்க் அதை வாங்கியது. நாளை இன்னொன்று வரும்.

ஆகவே வகுப்பில் சேர்க்க முன் பிள்ளையின் கையில் ஓர் அளவுநாடாவைக் கொடுங்கள். இருக்கும் வீட்டை அளக்கட்டும். கணிதத்தில் படித்த அளவிடைப் படம் இங்கேதான் உதவும். 1:50 அளவிடையில் மூன்று மீற்றர் சுவர் தாளில் ஆறு சென்ரிமீற்றர். குளியலறைக் குழாய் எந்தச் சுவரால் இறங்குகிறது, பீம் எங்கே போகிறது என்று தேடட்டும். ஒரு மாதம் இதைச் செய்த பிள்ளைக்கு ரெவிட் பாதி விளங்கின மாதிரி.

பிறகு வகுப்பில் மூன்று விடயம் கேளுங்கள். முடிவில் பிள்ளை ஒரு முழு வீட்டையாவது தானே செய்து முடிக்குமா? கற்பிப்பவர் கட்டட வேலைத்தளத்தில் நின்றவரா? குழாய், மின்சாரம், கொங்கிரீட் மூன்றையும் ஒரே மாதிரியில் பொருத்திப் பார்க்கக் கற்பிக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் நீங்கள் வாங்குவது வெறும் சான்றிதழ்.

இன்னுமொன்று. பென் டிரைவில் கைமாறும் திருட்டுப் பிரதியைப் பிள்ளைக்குப் பழக்காதீர்கள். ஹலாலான உழைப்புக்குப் போகிற வழியும் சுத்தமாக இருக்க வேண்டும். தகுதியான கல்வி நிறுவனத்தில் படிக்கும் மாணவருக்கு ஓட்டோடெஸ்க் ஒரு வருட அனுமதியை இலவசமாகத் தந்து, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் விடுகிறது. அதை வைத்துக் கூலி வேலை செய்யக் கூடாது, அவ்வளவுதான். அதுவும் கிடைக்காவிட்டால் பிரீகேட் எல்லோருக்கும் இலவசம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்கிறோம். வெளிநாட்டுக் கட்டடங்களின் படங்களைக் கொழும்பில் இருந்தே செய்துகொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. இது ஆண் பிள்ளை கப்பலேறிப் போய்ச் செய்யும் வேலை மட்டும் என்று நினைத்து மகளை ஒதுக்காதீர்கள்.

நிர்மாணத் துறையில் இருக்கும் பழைய மாணவர்களே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் தாருங்கள். பாடசாலையின் கணினி அறை சும்மா பூட்டிக் கிடக்கும் நேரம் அது. மென்பொருளைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு கட்டடப் படத்தை எப்படி வாசிப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வர விருப்பமானவர்கள் கீழே பெயரைப் போடுங்கள், இன்ஷா அல்லாஹ் நாங்கள் ஒழுங்கு செய்கிறோம்.