கோடு வரைந்தால் போதுமா?

பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். தேர்ச்சிக்கே திணறும் மாணவருக்கு ஆசிரியர்கள் முதலில் பழக்கிவிடுவதும் இதைத்தான். அட்டவணை போடு, புள்ளி குறி, ஸ்கேல் வைத்து இழு, மூலையில் அளவுத்திட்டம் எழுது. மதிப்பெண் வந்துவிடுகிறது. அந்தக் கோடு என்ன சொல்கிறது என்பது மட்டும் பல பிள்ளைகளுக்குப் பிடிபடுவதே இல்லை.

2013-இல் தமிழக அரசு சென்னைக்கு நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அட்டவணை முறையில் 2, 4, 6 கிலோமீட்டருக்கு 27.40, 51.40, 75.40 என்று கணக்கிட்டு மூன்று புள்ளிகளையும் சேர்த்தால் அழகான நேர்க்கோடு. அதைப் பின்னோக்கி நீட்டினால் செங்குத்து அச்சை 3.40-இல் வெட்டும். ஆனால் 3 ரூபாய் 40 காசுக்கு எந்த ஆட்டோவும் கிளம்பாது! உண்மையான வரைபடம் 25 ரூபாய் உயரத்தில் படுக்கையாகச் சென்று, 1.8-இல்தான் மேல்நோக்கித் திரும்புகிறது. அட்டவணையை மட்டும் நம்பிய மாணவர் இந்தத் திருப்பத்தைத் தவறவிடுவார். சாய்வைக் கொண்டு வரைபவர் தவறவிட மாட்டார். திருப்பப் புள்ளியில் தொடங்கி, வலப்பக்கம் ஓர் அலகு போனால் மேலே 12 ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 12 என்பது வெறும் எண் அல்ல, கூடுதலாகப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரின் விலை என்பதும் தெரியும்.

கோடு வரைய மூன்றாவது வழியான வெட்டுத்துண்டு முறை வேகமானது. ஒவ்வொரு மாறிக்கும் முறையே பூச்சியம் போட்டால் இரண்டு புள்ளிகள் கிடைத்துவிடும். ஆனால் ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோட்டில் இரண்டும் ஒரே புள்ளியாகிவிடுவதால், நேர்மாறல் (y = kx) வரைபடத்துக்கு இது உதவாது. அட்டவணையை ஒதுக்கச் சொல்லவில்லை. நேர்க்கோட்டைத் தீர்மானிக்க இரண்டு புள்ளிகள் போதும். மூன்றாவது புள்ளி பிழையைக் காட்டிக்கொடுக்கும். அட்டவணையின் இடம் அந்தச் சரிபார்ப்பில்.

சிக்கல் பாட அமைப்பிலும் இருக்கிறது. வரைபடம் இயற்கணிதத்தில் வருகிறது, சாய்வோ ஆயத்தொலை வடிவியலில் தனியாக வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பறையில் யாராவது சேர்த்துச் சொன்னால்தான் உண்டு. மாறல் மாறிலியை, அதாவது அந்த k-ஐ, கண்டுபிடிக்கச் சொல்லும் வினாக்கள் இருக்கின்றன. அந்த எண்ணின் பொருளை ஒரு வரியில் எழுதச் சொல்வதில் என்ன தடை? வினாத்தாள் தயாரிப்பவர்கள் அந்த 8 மதிப்பெண்ணில் இரண்டையாவது அதற்கு ஒதுக்க வேண்டும்.