பிள்ளைக் காம்பராவும் சம்பளப் பிரச்சினைதான்

சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும் பிள்ளை, எடுத்ததற்கெல்லாம் சீறும் பிள்ளை, பாடத்தில் மனம் நில்லாத பிள்ளை எல்லா லயங்களிலும் உண்டு. “அது பிறவிக்குணம்” என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் குணத்தில் ஒரு பங்கு முதல் சில வருடங்களில் உருவாகிறது என்கிறது மருத்துவம்.

பயமோ நெருக்கடியோ வந்தால் உடல் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும் அது அடங்க வேண்டும். அழும்போது தூக்கி அணைக்க ஆளிருந்தால் குழந்தையின் உடல் அடங்கப் பழகும். பசியும் அடியும் கவனிப்பின்மையும் நாள்தோறும் தொடர்ந்தால் அடங்காமலே பழகிவிடலாம். சிறுவயதில் துன்பம் கூடக்கூட, வளர்ந்தபின் இதயநோயும் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் கூடுவதை 1998இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கல் மீனி குழுவினர் எலிகளை ஆராய்ந்தார்கள். தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகள் பின்னாளில் நெருக்கடியில் சீக்கிரம் அமைதியாயின. கவனிக்காத தாயின் குட்டியைக் கவனிக்கும் தாயிடம் விட்டபோது அதுவும் அப்படியே வளர்ந்தது. ஆக, எல்லாம் பிறப்பில் இல்லை.

இதைக் கேட்டு யாரும் தாய்மாரைக் குறை சொல்லக் கூடாது. கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற பயத்தோடு மலையில் நிற்பவள், பிள்ளையை எப்போது மடியில் வைப்பாள்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். வயிறு காயும் பிள்ளைக்கு மனம் மட்டும் எப்படி நிறையும்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் இரு தடவை பாலூட்டும் நேரம் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் தலா ஒரு மணி. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. ஆனால் அந்த நேரத்துக்கான கிலோவைக் குறைக்காவிட்டால் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் மூன்று விடயங்கள் மேசைக்கு வர வேண்டும். பாலூட்டும் தாய்க்குக் குறைந்த கிலோவில் முழுப்பேர். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள். அவர்களுக்கு நியாயமான சம்பளம். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் இந்த மாதமே தங்கள் பிள்ளைக் காம்பராவுக்குள் போய்ப் பார்க்கட்டும்.

நிர்வாகத்திடம் கேட்க முடியாத ஒன்றும் உண்டு. சாராயம் குடித்துவிட்டு இரவில் வீட்டில் போடும் சண்டையும் பிள்ளையின் உடலில் பதிகிறது. அதை நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான்.