வாயிற்காவலனின் கள்ளச் சந்தை

2026ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிகளுக்கு அநுமதிச் சீட்டு விற்கப் புறப்பட்ட சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம், அச்சீட்டுக்களை மறுவிற்பனை செய்வதற்கும் தானே ஒரு சந்தையைத் திறந்து வைத்தது. விற்பவரிடம் நூற்றுக்குப் 15, வாங்குபவரிடம் நூற்றுக்குப் 15 என்று தனக்குரிய தரகையும் விதித்துக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவில் நடைபெறும் ஆட்டங்களின் மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு எதனையும் அது விதிக்கவில்லை.

இதன் பொருளைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சீட்டின் மறுவிற்பனை விலை 1,000 டொலர் எனக் கொள்வோம். வாங்குபவர் 1,150 டொலர் கொடுக்கிறார். விற்றவர் கையிற் சேர்வது 850 டொலர். எஞ்சிய 300 டொலரும், அதே ஆசனத்தை ஏற்கெனவே ஒரு முறை விற்றுப் பணம் பெற்றுவிட்ட சம்மேளனத்துக்கே போய்ச் சேருகிறது. சீட்டுக் கைமாறுந்தோறும் அதற்குப் பங்குண்டு. விலை ஏற ஏறப் பங்கும் ஏறும். முன்னர் கள்ளச் சந்தைக்காரன் அரங்கின் மதிலோரத்திலே பொலிசாருக்கு அஞ்சி ஒளிந்து நின்றான். இன்று வாயிற்காவலனே அவன் தொழிலை ஏற்று நடத்துகின்றான்.

“கேள்வி மிகுந்தால் விலை உயரும், இது பொருளியல் விதி” என்று நமக்குப் பாடஞ் சொல்ல வருவோர் உளர். வகுப்பறையிலே கேள்வி, நிரம்பல் வளைகோடுகளை வரைந்து காட்டும் ஆசிரியர்களும் அவற்றைப் பயிலும் மாணவர்களும் இவ்வாதத்தைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். நெல் மிகுந்த ஊரிலிருந்து நெல் இல்லாத ஊருக்கு மூட்டை சுமந்து செல்லும் வியாபாரி ஏதோ ஒரு பணி செய்கிறான். சீட்டை மறுவிற்பனை செய்பவன் செய்யும் பணி யாது? அரங்கில் ஓர் ஆசனத்தையேனும் அவன் கூட்டினானா? உண்மையான இரசிகனுக்கு முன்பாக வரிசையிற் புகுந்து, அவனுக்குக் கிடைக்கவிருந்ததைப் பறித்து, அவனிடமே அதிக விலைக்கு விற்கிறான். உயர்ந்த விலையால் நிரம்பல் உயராது. வறியவன் வெளியேறுவதும் செல்வன் உட்புகுவதுமே நிகழும்.

நோயுற்றவரும் பயணம் தடைப்பட்டவரும் தம் சீட்டைப் பிறர்க்குக் கொடுக்க வழி வேண்டாமா என்பது நியாயமான கேள்வியே. வேண்டும், ஆனால் வாங்கிய விலைக்கே கொடுக்கட்டும். இஃது இயலாத காரியமன்று. மெக்சிக்கோவில் வாழ்வோர் அந்நாட்டு ஆட்டங்களுக்கு வாங்கிய சீட்டுக்களை மூல விலைக்கே கைமாற்றும் ஏற்பாட்டை இதே சம்மேளனம் செய்தது. ஒரே கிண்ணம், எல்லைக்கு இப்பால் ஒரு நீதி, அப்பால் ஒரு நீதி! இலாபத்துக்கு இடமுள்ளபோது கொள்கை மறந்து போகிறது.

இங்கிலாந்தின் சட்டமோ இன்னும் விசித்திரமானது. 1994ஆம் ஆண்டிலிருந்து அங்கே உதைபந்தாட்டச் சீட்டை அநுமதியின்றி விற்பது குற்றமாகும். ஏற்பாட்டாளரின் அநுமதி பெற்றவர் விற்றாலோ குற்றமன்று. எதிரணி இரசிகர்கள் ஒன்றாகக் கலந்து மோதாதிருக்க வந்த சட்டம் அது. ஏழையின் மடியைக் காக்க வந்ததன்று.

இவ்விளையாட்டை வளர்த்தவர் யாவர்? 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியுடன் ஆலை வேலையை முடித்து வைத்தது. அவ்வாறு பரவிய அரை நாள் ஓய்விலேதான் உதைபந்தாட்டம் மக்கள் விளையாட்டாக வேரூன்றியது. 1878இல் புகையிரதத் தொழிலாளர் அமைத்த கழகமே இன்றைய மான்செஸ்ரர் யுனைற்றெட். 1886இல் வூலிச் ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர் அமைத்ததே ஆர்சனல். உழைப்பவர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்து வளர்த்த மரத்தின் கனியை, அவர்தம் பேரர்களுக்கே ஏலங்கூறி விற்கிறார்கள்.

கண்ணீர் வடிப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில், சில ஆசனங்களின் விலையை 77 பவுணாக உயர்த்தப்போவதாக லிவர்பூல் கழகத்தின் உரிமையாளர் அறிவித்தபோது, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 இரசிகர்கள் ஒருங்கே எழுந்து வெளியேறினர். சில நாட்களுக்குள் உரிமையாளர் மன்னிப்புக் கேட்டு அத்திட்டத்தைக் கைவிட்டனர். மூல விலையை வீழ்த்திய அந்த ஒற்றுமை, மறுவிற்பனைச் சந்தையையும் வீழ்த்த வல்லது. மூல விலைக்கு மேல் விற்பதை, விற்பவர் எவராயினும், குற்றமாக்க வேண்டும். சம்மேளனமும் அச்சட்டத்துக்கு அடங்க வேண்டும். இரசிகர்கள் கேட்பது சலுகையன்று. தாம் கட்டிய வீட்டினுள் நுழையும் உரிமை.