ஊரில் வாங்கிய பண்டம்

விடுமுறையில் சென்னை செல்லும் நம்மவர், அங்குள்ள பெருங்கடைகளில் மிக்ஸியும் குக்கரும் வாங்கி மூட்டை கட்டுதல் வழக்கம். (மும்பையில் கிடைக்காதவையா என வினவுவோர் நம் இல்லத்தரசிகளை அறியார்!) இங்கு வந்து பிரித்தபின் பழுது தெரிந்தால், “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்னும் பலகையை எண்ணி வாளாவிருந்து விடுகிறோம். அங்ஙனம் இருக்க வேண்டுவதில்லை. பழுதுற்ற பண்டத்தை ரசீதில் கண்ட கெடுவுக்குள், கெடு இல்லையேல் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரும்பாலும் கடையுள்ள ஊருக்கே சென்று வழக்கிட வேண்டியிருந்தது. இப்பொழுது நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். அதற்குமுன் 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே குறை சொல்லிப் பார்க்கலாம். ரசீது தராதிருப்பதும் முறையற்ற வணிகமே. ஆதலின் கேட்டு வாங்குங்கள், அட்டைப்பெட்டியோடு எறிந்துவிடாதீர்கள்.