முகத்தைப் பாக்காதீங்க, பெட்டியைப் பாருங்க

ஹியூமனாய்டு ரோபோ டான்ஸ் ஆடுற ரீல்ஸை இந்த வாரம் எத்தனை தடவை பாத்தீங்க? பாத்த கையோட "நம்ம வேலை போச்சு மச்சி"ன்னு குரூப்ல ஃபார்வேர்டும் பண்ணியிருப்பீங்க. இந்த ஆச்சரியம், இந்தப் பயம் ரெண்டுக்கும் நூறு வயசு ஆகப்போகுது. ரெண்டுமே தப்பான இடத்தைப் பாத்து வருதுன்னுதான் நான் சொல்லுவேன்.

1928-ல லண்டன்ல ஒரு கண்காட்சி. திறந்து வைக்க வேண்டிய இளவரசர் வரல. அதனால வில்லியம் ரிச்சர்ட்ஸ், ஆலன் ரெஃபெல்னு ரெண்டு பேர் சேர்ந்து 'எரிக்'ங்கற அலுமினிய மனிதனைச் செஞ்சாங்க. எரிக் எழுந்து நின்னு, கையசைச்சு, சொற்பொழிவு ஆத்தினான். பல்லிடுக்குல மின்பொறி வேற! ஆனா ஒரு அடி நடக்க மாட்டான். மோட்டார் இருந்த பெட்டியோட அவன் காலை போல்ட் போட்டு முடுக்கியிருந்தாங்க.

அதுக்கு முந்தின வருஷம் அமெரிக்காவுல நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இன்ஜினியர் ராய் வென்ஸ்லிக்கு ஒரு நிஜமான பிரச்சனை இருந்தது. தூரத்துல இருக்கற சப்-ஸ்டேஷன்ல ஆளே இல்லாம எப்படி ஸ்விட்ச் போடறது? போன் லைன்ல நேரடியா வயரைச் சேர்க்க அனுமதி இல்ல. அதனால சத்தத்தையே சிக்னல் ஆக்கினார். இங்கேருந்து போன் போட்டு ஒரு சுருதியை ஒலிச்சா, அங்கே ஒரு பெட்டி அதைக் கேட்டு ரிலேயை இயக்கும். வேலை முடிஞ்சதா இல்லையான்னு திரும்ப ஒலி எழுப்பியே பதிலும் சொல்லும். பேரு 'டெலிவாக்ஸ்'.

இவ்வளவு அழகான டிசைனை மக்கள் கண்ணுல கொண்டு சேர்த்தது எது தெரியுமா? பெட்டிக்கு முன்னாடி நிறுத்தின ஒரு அட்டை மனிதன். பத்திரிகைகள் 'இயந்திர மனிதன் வந்துட்டான்'னு எழுதின. அந்த அட்டைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்ல. சப்-ஸ்டேஷன்ல ராத்திரி முழுக்க உக்காந்திருந்த ஆளோட வேலைக்கு வேட்டு வெச்சது முகமில்லாத பெட்டிதான்.

அதே கம்பெனி 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு 'எலெக்ட்ரோ'வைக் கொண்டு வந்தது. ஏழடி உயரம். 700 வார்த்தை பேசுவான், சிகரெட் பிடிப்பான். பேச்செல்லாம் இசைத்தட்டுல பதிவு பண்ணது. நாம சொல்றது அவனுக்குப் புரியவும் புரியாது. குரலை ஒளித்துடிப்பா மாத்தி, எத்தனை துடிப்புன்னு எண்ணி ரிலே வேலை செய்யும். அசை எண்ணிக்கை சரியா இருந்தா, என்ன உளறினாலும் கீழ்ப்படிவான்!

"ஷோ காட்டலேன்னா யாரு பணம் போடுவா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். நம்ம ப்ராஜெக்ட் எக்ஸ்போலயும் தெர்மாகோல் முகம் வெச்ச லைன் ஃபாலோயர் முன்னாடிதான் கூட்டம் நிக்குது. பக்கத்து டேபிள்ல பம்ப்செட் கன்ட்ரோலர் செஞ்சவன் ஈ ஓட்டறான். வேடிக்கை பாக்க வர்றவங்க அப்படி நிக்கட்டும், தப்பில்ல. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நாமளும் அங்கேயே நின்னா எப்படி?

அடுத்த ரோபோ வீடியோ வந்தா மூணு கேள்வி கேளுங்க. இதைப் பின்னாலேருந்து யாராவது இயக்கறாங்களா? என்ன சிக்னலுக்கு இது அசையுது? கை, கால், முகத்தைக் கழட்டிட்டா மிச்சம் இருக்கற பெட்டி என்ன வேலை செய்யும்?

மூணாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைச்சா ஆச்சரியப்படுங்க. பயப்படணும்னாலும் அந்தப் பெட்டியைப் பாத்தே பயப்படுங்க. முடிஞ்சா, அந்தப் பெட்டியைச் செய்யக் கத்துக்கங்க.