பூட்டை உடைக்காதீர்கள்!

வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சாவி கையில் இருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பினால் பூட்டு திறக்கவில்லை.

என்ன செய்கிறோம்?

முதலில் பலமாகத் திருப்புகிறோம். பிறகு குறடு எடுக்கிறோம். அதற்கும் மசியவில்லை என்றால், சுத்தியல்! சாவி முறிகிறது. பூட்டு நசுங்குகிறது. கொஞ்சம் எண்ணெயில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறது.

சுத்தியல் கடைசியில் எடுக்க வேண்டிய கருவி. நாம் அதை முதலில் எடுக்கிறோம். இது தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அப்பா பூட்டிய பூட்டு

கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் வழியில், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு புல்லட் வைத்திருந்தார். மகனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அந்த வண்டியில்தான். மார்கழித் திருவாதிரைக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போனதும் அந்த வண்டியில்தான்.

ஒருநாள் அவர் இறந்துபோனார். வண்டி வாசலிலேயே நின்றது. கடைசியாக வண்டியை நிறுத்தியபோது, கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பிப் பூட்டியிருந்தார். இதைத்தான் நாம் "சைடு லாக்" என்கிறோம். மூன்று ஆண்டுகள் அந்தப் பூட்டை யாரும் திறக்கவில்லை.

மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. வண்டியை விற்றுவிடலாம் என்று நினைத்தான். சாவியைப் போட்டான். பூட்டு அசையவில்லை. காயலான் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"தள்ளிக்கொண்டுகூடப் போக முடியவில்லையே, தம்பி! இதற்கு இரும்பு விலைதான்" என்றார்.

மகனுக்குக் கோபம் வந்தது. சுத்தியலை எடுத்துவந்தான். தாய் குறுக்கே வந்து நின்றார்.

"அப்பா பூட்டின பூட்டுடா. அடிக்காதே" என்றார். அதற்கு மேல் அந்த அம்மாளுக்குப் பேச்சு வரவில்லை.

மகன் சுத்தியலைக் கீழே வைத்தான். அப்பா வழக்கமாக வண்டியைக் காட்டும் மெக்கானிக் சிதம்பரத்தில் இருந்தார். வயதானவர். அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். சுமார் 45 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பூட்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது இன்றைக்குத் திறக்காது. இரண்டு நாள் பொறுத்தால் திறக்கும். சம்மதமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது?

சைடு லாக் பெரிய வித்தை அல்ல. பூட்டுக்குள் சின்னச் சின்னத் தகடுகள் அல்லது முளைகள் இருக்கும். சரியான சாவியைப் போட்டால் அவை வழி விடும். சாவியைத் திருப்பினால் ஒரு இரும்பு நாக்கு நகரும். அந்த நாக்கு கைப்பிடித் தண்டில் உள்ள பள்ளத்தில் நுழைந்தால் கைப்பிடி திரும்பாது. நாக்கு வெளியே வந்தால் கைப்பிடி திரும்பும்.

நாக்குக்கும் அது நுழையும் துளைக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளியில் துரு உட்காருகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் நாக்கு துளைக்குள் இறுகிவிடுகிறது. பலமாகத் திருப்பினால் நாக்கு வராது. சாவிதான் முறியும்.

கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். இரும்புக்குக் கடற்கரை ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை! கடலூரிலிருந்து சிதம்பரம் போகும்போது, கடற்கரைப் பக்கம் பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1830-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே ஓர் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்திலிருந்து இரும்புத் தாது வந்தது. இரும்பு உருக்கியதும் இந்தக் கடற்கரைதான். இரும்பைத் தின்பதும் இந்தக் கடற்கரைதான்!

பெரியவர் செய்த வைத்தியம்

அந்த மெக்கானிக் என்ன செய்தார் என்பதை அப்படியே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

முதலில் சைக்கிள் பம்பு கேட்டார். சாவித் துளையில் காற்றடித்தார். மண்ணும் செத்த எறும்புகளும் வெளியே வந்து விழுந்தன.

பிறகு, துரு இளக்கும் எண்ணெயைத் துளையில் சில சொட்டு விட்டார். கைப்பிடித் தண்டின் ஓரத்திலும் விட்டார். "இனி யாரும் இதைத் தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எண்ணெய் ஊறுவதற்கு நேரம் வேண்டும். மூன்று ஆண்டு உட்கார்ந்த துரு மூன்று நிமிடத்தில் எழுந்து போகுமா?

மறுநாள் காலை வந்தார். சாவியை உள்ளே விட்டார். திருப்பவில்லை! உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதுமாக இருபது தடவை செய்தார். ஒவ்வொரு தடவையும் சாவியைத் துணியில் துடைத்தார். துணி சிவப்பாயிற்று. மறுபடியும் எண்ணெய் விட்டார். அன்றும் சாவியைத் திருப்பாமலே கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மகனைக் கூப்பிட்டார். "நீ கைப்பிடியை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டு. நான் சாவியைத் திருப்புகிறேன்" என்றார். இதுதான் ரகசியம்! கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நாக்கை அழுத்திக்கொண்டிருக்கும். லேசாக ஆட்டினால் அந்த அழுத்தம் விடும். அந்த நேரத்தில் நாக்கு நகரும்.

"டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. கைப்பிடி திரும்பியது.

பெரியவர் அதோடு விடவில்லை. கைப்பிடியை இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் பத்துத் தடவை திருப்பிப் பார்த்தார். "நாக்கு பாதி வெளியே வந்து பாதி உள்ளே நின்றால், ஓடும்போது கைப்பிடி பூட்டிக்கொள்ளும். ஆளைக் கொன்றுவிடும்" என்றார். இதை மறக்காதீர்கள். திறந்த பூட்டு முழுவதும் திறந்ததா என்று பார்க்காமல் வண்டியில் ஏறாதீர்கள்.

செய்யக்கூடாதவை

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழி மாதக் காலையில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்திருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது பூட்டுக்குள்ளும் உறையும். நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பூட்டு திறந்த பிறகு, தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும்.

நெருப்புக் காட்டாதீர்கள். பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கி இருக்கிறது.

தேய்ந்த சாவியோடு மல்லுக்கட்டாதீர்கள். பீரோவில் இரண்டாவது சாவி இருக்கிறதா என்று தேடுங்கள். அது அதிகம் தேயாமல் இருக்கும்.

மேல்நாட்டில் செய்த சில பழைய மோட்டார் சைக்கிள்களில், வண்டியின் சட்டக் குழாய்க்குள்ளேயே ஒரு இரும்புக் கயிறு வைத்திருப்பார்கள். அதை வெளியே இழுத்து, கம்பத்தில் சுற்றிப் பூட்டிக்கொள்ளலாம். இந்தக் கயிறும் துருப்பிடித்துக் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். அதற்கும் இதே வைத்தியம்தான். குறடால் பிடித்து இழுத்தால் கயிற்றின் புரிகள் பிய்ந்து இன்னும் மோசமாகச் சிக்கும். குழாய்க்குள் எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். பிறகு கயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். தள்ளினால்தான் துரு உதிரும். உதிர்ந்தால்தான் கயிறு வரும்.

"நேரம் ஏது?" என்கிறார்கள்

"பழைய பூட்டுக்கு மூன்று நாளா? உடைத்து எறிந்துவிட்டுப் புதுப் பூட்டு போட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள்.

போடலாம். ஆனால் அடி பூட்டில் மட்டுமா விழுகிறது? பல பழைய வண்டிகளில், பூட்டு உட்காரும் இடம் வண்டிச் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அது விரிந்தால் வெல்டிங் வைக்க வேண்டும். பல வண்டிகளில் சேசிஸ் நம்பரும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் பொறித்திருக்கும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த நம்பரைப் பார்ப்பார்கள். நம்பர் சிதைந்திருந்தால், சொந்த வண்டிக்கே திருடனைப்போல விளக்கம் சொல்ல வேண்டி வரும்!

பழைய வண்டிகளுக்கு அசல் சாமான் கிடைப்பதும் எளிது அல்ல. மைசூரில் 1961-ல் ஜாவா மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். பிறகு அது எஸ்டி ஆயிற்று. 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்தக் காலத்து வண்டியின் பூட்டை உடைத்தால், அதே பூட்டை வாங்க எங்கே போவது?

பொறுமை என்பது சோம்பல் அல்ல. துரு போக்கும் டபிள்யூ.டி.-40 எண்ணெயைப் பல வீடுகளில் பார்க்கலாம். அமெரிக்காவில் 1953-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீரை விரட்டும் எண்ணெய் செய்ய 39 முறை முயன்றார்கள். சரியாக வரவில்லை. நாற்பதாவது முறை வந்தது. அந்த 40-தான் பெயரிலும் இருக்கிறது. எண்ணெயைக் கண்டுபிடிக்க நாற்பது முறை முயன்றார்கள். அதை விட்டு ஊறவைக்க நமக்கு இரண்டு நாள் பொறுமை இல்லையா?

எண்ணெய்க்கும் அசையாத பூட்டு உண்டு. உள்ளே நாக்கே ஒடிந்திருக்கலாம். அப்போது பூட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் துளைபோட்டு எடுப்பார். அது வேலை. சுத்தியலால் அடிப்பது வேலை அல்ல, ஆத்திரம்.

மாதம் ஒருமுறை

பூட்டு கெடுவது பூட்டுவதால் அல்ல, திறக்காமல் விடுவதால். ஓடாத வண்டியாக இருந்தாலும், மாதம் ஒருமுறை பூட்டைத் திறந்து மூடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒரு பொருளை எப்படிக் காப்பாற்றுவது என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

கடலூர்ப் புல்லட் இப்போது என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மகன் வெளியூர் போய்விட்டான். வண்டி வாசலில்தான் நிற்கிறது. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவர்கள் விருப்பம். ஆனால் இனி அது இரும்பு விலைக்குப் போகாது.

மாதம் பிறந்தால் அந்த அம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார். பூட்டைத் திறக்கிறார். மறுபடியும் பூட்டுகிறார்.