லாச்சிக்குள் கிடக்கும் சில்லு எதுவரை நினைவு வைத்திருக்கும்?

அன்பான பெற்றோருக்கும் இளையோருக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இதனை எழுதுகிறேன். வேண்டுகோள் சிறியது. அதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு மட்டும் ஒரு நினைவகச் சில்லின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஸ்காபரோவில் எம்மவர் வீடு எதற்குச் சென்றாலும் ஒரு மேசை லாச்சி இருக்கும். காலாவதியான கடவுச்சீட்டு, பழைய கைப்பேசி, எதற்குரியது என்று எவருக்கும் தெரியாத மின்கம்பி ஆகியவற்றுக்கிடையே மூன்று நான்கு பென் டிரைவ்கள் கிடக்கும். ஒன்றில் மகளின் சாமத்தியவீடு. ஒன்றில் தம்பியின் திருமணம். இன்னொன்றில் ஊரில் பெரியப்பா ஸ்கான் செய்து அனுப்பிய காணி உறுதிகளும், இடப்பெயர்வுகளுக்குத் தப்பிய சில குடும்பப் படங்களும். முன்னர் வீடியோ கசற்றாகவும் பின்னர் டிவிடியாகவும் வந்தவை இப்போது விரலளவுக் குச்சியாக வருகின்றன. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி லாச்சியை மூடுகிறோம்.

நானும் மூடினேன். 2009இல் அம்மம்மாவின் குரலை மூன்று மணித்தியாலங்களுக்கு மேலாகப் பதிவு செய்தேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு மழையில் நடந்த கதை அதில் இருந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகளின் பின், 2021இல், பிள்ளைகளுக்குக் கேட்கச் செய்யலாம் என்று அந்தக் குச்சியைக் கணினியில் செருகினேன். நாற்பத்தொரு நிமிடங்கள் மட்டுமே மீண்டன. மலிவான குச்சி, எது பழுதாயிற்று என்று உறுதியாகக் கூற முடியாது. வேறெவரையும் குறைகூறவும் முடியாது. இத்துறையில் பட்டம் பெற்ற ஒருவன், ஒரேயொரு பிரதியை லாச்சிக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் போட்டு வைத்திருந்தான் என்பதே உண்மை.

அழித்து மீண்டும் எழுதத்தக்க சில்லின் கதை 1971இல் தொடங்குகிறது. இன்ரெல் நிறுவனத்தில் பணியாற்றிய டோவ் ஃப்ரோமன், வேறொரு நினைவகச் சில்லில் ஏற்பட்ட கோளாறை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நாற்புறமும் காவலியால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய தகட்டில் இலத்திரன்களைச் சிறைப்பிடித்து வைக்கலாம் என்று கண்டார். மின்சாரம் நின்ற பின்னரும் அவை அங்கேயே தங்கியிருந்தன. அவ்வாறு பிறந்ததே எப்ரொம். முதலாவது சில்லான 1702இன் கொள்ளளவு 256 பைற்றுகள். இன்றைய ஒருங்குறித் தமிழில் ஓரிரு குறள்களே அதில் அடங்கும்.

ஃப்ரோமனின் சொந்த வாழ்க்கையையும் எமது இளையோர் அறிந்திருக்க வேண்டும். போலந்திலிருந்து வெளியேறிய யூதப் பெற்றோருக்கு 1939இல் அம்ஸ்டர்டாமில் பிறந்தவர். நாசிகளின் ஆக்கிரமிப்பின்போது பெற்றோர் அவரை ஒரு டச்சுக் குடும்பத்திடம் ஒளித்து வைத்தனர். பிள்ளை பிழைத்தது, பெற்றோர் பிழைக்கவில்லை.

பேராதனையில் படித்த காலத்தில் எப்ரொம்மைக் கையாண்டிருக்கிறேன். அதன் முதுகில் குவாட்ஸ் கண்ணாடியாலான ஒரு சிறு யன்னல் இருக்கும். அதனூடாகப் புறவூதாக் கதிரை ஏறத்தாழ இருபது நிமிடங்கள் பாய்ச்சினால் எழுதிய அனைத்தும் அழிந்து, சில்லு வெறுமையாகிவிடும். எழுதி முடித்தவுடன் யன்னலின் மேல் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுவோம். ஏனெனில் நேரடி வெயில் அதனை ஒரு வாரத்தில் அழித்துவிடும். அறையின் குழல் விளக்கொளிகூட மூன்று ஆண்டளவில் அழித்துவிடும் என்று தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களே எச்சரித்தன. சில்லு மறக்கக்கூடியது என்பதை அந்த யன்னல் எமக்கு எப்போதும் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

இன்றைய சில்லுகளுக்கு யன்னல் இல்லை. தொஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா 1984இல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகமே எமது குச்சிகளிலும் கைப்பேசிகளிலும் உள்ளது. இங்கு ஒளி வேண்டியதில்லை, மின்சாரமே அழிக்கிறது. ஒரு பெரும் தொகுதி முழுவதும் ஒரே கணத்தில் அழிவது புகைப்படக் கருவியின் மின்வெட்டை ஒத்திருந்ததால், அவருடைய சக பணியாளர் ஒருவர் இப்பெயரைச் சூட்டினார். நினைவில் வைப்பதற்காக அன்றி, அழிப்பதற்காக வந்த பெயர்!

ஆயினும் அடிப்படை மாறவில்லை. மில்லிமீற்றரின் ஓர் இலட்சத்தில் ஒரு பங்களவே தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலம் ஒன்று இலத்திரன்களைத் தடுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அப்படலம் சிறிது தேய்கிறது. ஆண்டுகள் செல்ல இலத்திரன்கள் கசிகின்றன. வெப்பம் அதனை விரைவுபடுத்தும். கோடையில் காரின் கண்ணாடியோரம் குச்சியை விட்டுச் செல்வோர் கவனிக்க. விலை குறையக் குறைய நிலைமை கடினமாகிறது: ஒரு கலத்தில் ஒரு பிற்றை வைக்க இரண்டு மின்னேற்ற மட்டங்கள் போதும், மூன்று பிற்றுகளுக்கு எட்டு, நான்குக்குப் பதினாறு. இடைவெளி ஒடுங்குவதால் சிறிய கசிவும் தவறாக வாசிக்கப்படுகிறது.

பீதி கிளப்புவது என் நோக்கமன்று. புதிய, தரமான சில்லு பத்தாண்டுகளும் தாங்கலாம். ஆனால் தனிநபர் கணினிகளுக்கான திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு ஜெடெக் என்னும் தர நிர்ணய அமைப்பு விதித்துள்ள அளவுகோலைப் பாருங்கள். குறித்த எழுத்தளவு தீர்ந்த பின், மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காத்தால் போதுமானது. அங்காடியில் வாங்கிய பெயரற்ற குச்சி எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை யார் அறிவார்?

இடைக்கிடை செருகிப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வாசிப்பதனால் மின்னேற்றம் புதுப்பிக்கப்படுவதில்லை. மீண்டும் எழுத வேண்டும். கிளவுட்டில் இருக்கிறது என்பார்கள். நல்லது; ஆனால் அப்பாவின் கணக்குக்குரிய கடவுச்சொல் அப்பாவுக்கு மட்டுமே தெரிந்திருந்தால் அதுவும் ஒரு லாச்சிதான்.

எமது மூதாதையர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஓலை நெடுங்காலம் நில்லாது என்பதால் தலைமுறைதோறும் ஏட்டைப் பெயர்த்து எழுதினர். எழுதத் தவறியவை செல்லரித்தன. அவ்வாறு உதிர்ந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்தே சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். மறுபுறம், 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. தீ வைத்தவர்களை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் எம் கையிலுள்ள ஒற்றைப் பிரதிகள் எவரும் தீ வைக்காமலே அழிந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே இளையோரே, ஒரு சனிக்கிழமை பெற்றோருடன் அமர்ந்து அந்த லாச்சியைத் திறவுங்கள். பழைய குச்சியிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரு காந்த வன்தட்டிலும், இன்னொன்றிலும் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில், மொன்றியலில் இருக்கும் மாமா வீட்டிலேனும், வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று அம்மாவிடம் கேட்டு எழுதிவிடுங்கள். அதனை எந்தச் சில்லும் தானாக அறியாது. காணி உறுதிகள் குடும்பத்துக்குள் இருக்கட்டும். ஊர்ச் சங்க மலர், பாடசாலை ஆண்டிதழ், கோயில் துண்டுப்பிரசுரம் போன்றவை இருந்தால், 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு வழங்குங்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகமும் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் பணியில் ஈடுபட்டு வருகிறது.

அம்மம்மாவின் நாற்பத்தொரு நிமிடங்கள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. அவர்கள் நாவற்குழிப் பாலத்தை நெருங்கும் இடத்தில் ஒலி நின்றுவிடுகிறது. மிகுதியை மாமியிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வயது எண்பத்திரண்டு.